கவுன்சிலர் இல்லை, ஒப்பந்த ஊழியர் உண்டு: வெளிநாட்டுச் செல்வாக்குச் சட்டத்தில் யார் பொது அலுவலர்?

ஒரு வாசகியின் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்

ஆஸ்திரேலியாவில் பல ஆண்டுகளாக வாழும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். அவர் ஒரு தமிழ்ப் பண்பாட்டுச் சங்கத்தின் செயலாளர். தொழிலால் கணினித் துறையைச் சேர்ந்தவர். ஒரு தனியார் நிறுவனத்தின் மூலம் ஃபெடரல் அரசுத் துறை ஒன்றில் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்கிறார். சங்கம் அடுத்த ஆண்டு நடத்தவிருக்கும் கலை விழாவுக்கு இந்திய மாநில அரசு ஒன்றின் பண்பாட்டுத் துறை ஒத்துழைப்புத் தருகிறது. அந்தத் துறையிலிருந்து வந்த மின்னஞ்சல் ஒன்று சங்கத்திடம் நான்கு வேலைகளைக் கேட்டுக்கொண்டது. தம் மாநில நகரம் ஒன்றுடன் சகோதர நகர உறவு வைத்துக்கொள்ளும்படி உள்ளூர் மேயரிடம் பேச வேண்டும். அரசுப் பள்ளிகளில் தமிழ்ப் பாடத்துக்கு ஆதரவு கேட்டு மாநில நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்திக்க வேண்டும். வருகைதரும் மரபுக் கலைஞர்களுக்கான விசா விதிகளைத் தளர்த்தும்படி ஃபெடரல் நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தையும், உள்துறையில் பணியாற்றும் தெரிந்தவர்களையும் அணுக வேண்டும். சங்கத் தலைவர் "மகிழ்ச்சியுடன் செய்கிறோம்" என்று பதில் அனுப்பிவிட்டார். சங்கத்தின் புரவலர் ஓய்வுபெற்ற ஆஸ்திரேலியத் தூதர். தமக்குப் பழக்கமான பழைய நண்பர்களிடம் தாமே தொலைபேசியில் பேசுவதாக உறுதி கூறியிருக்கிறார்.

இதற்கிடையில் டொரோண்டோவில் இருக்கும் மைத்துனர், பதிவு செய்யாமல் மேயரிடம் பேசினால் அது குற்றமாகிவிடும் என்று வாசகியை எச்சரித்திருக்கிறார். செயற்குழு உறுப்பினர் ஒருவரோ, நாம் யாரிடமும் காசு வாங்கவில்லை, அமைச்சரையும் பார்க்கப் போவதில்லை, சாதாரண ஊழியர்களிடம் பேசுவதற்கெல்லாம் சட்டம் ஏது என்று கேட்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி, சட்டம் யாரைப் பொது அலுவலர் என்கிறது, நிரந்தரப் பணியாளர் அல்லாத தாமும் அதில் அடக்கமா, செயலாளர் பொறுப்பை விட்டு விலக வேண்டுமா என்பவை வாசகியின் கேள்விகள்.

பதில்

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்டிருப்பது, வெளிநாட்டுச் செல்வாக்கு வெளிப்படைத்தன்மைத் திட்டச் சட்டம், 2018 பற்றி. அந்த ஆண்டு டிசம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மேயரைப் பற்றி அஞ்சுகிற மைத்துனரும், சாதாரண ஊழியர்களைப் பற்றி அஞ்சாத குழு உறுப்பினரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். எதிரில் இருப்பவர் எவ்வளவு பெரியவர் என்பதை வைத்து இருவரும் கணக்குப் போடுகிறார்கள். சட்டம் அதைப் பார்ப்பதில்லை. அவர் கையில் இருப்பது யாருடைய அதிகாரம், நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள், எதை மாற்றுவதற்காகப் பேசுகிறீர்கள் என்ற மூன்றைத்தான் அது கேட்கிறது. மூன்றுக்கும் விடை சேர்ந்து பொருந்தினால்தான் பதிவுக் கடமை வரும்.

தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சட்டம் எதையும் தடை செய்யவில்லை. வெளிநாட்டு அரசு ஒன்றின் சார்பில் ஆஸ்திரேலிய அதிகாரிகளிடம் பேசுவது குற்றமல்ல. பேசுகிறவர் அதைப் பொதுப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம் என்பதுதான் இதன் ஏற்பாடு. பதிவேட்டில் பெயர் வந்துவிட்டால் உளவாளி என்று பேசுவார்கள் என்ற பயம் நம் சங்கங்களில் பரவலாக இருக்கிறது. பதிவு செய்வது குற்ற ஒப்புதல் ஆகாது. செய்ய வேண்டியவர் செய்யாமல் இருப்பதுதான் சிக்கல்.

அலுவலர் பற்றிய இரண்டு பட்டியல்கள்

இந்தச் சட்டத்தில் அலுவலர்களைக் குறிக்கும் பட்டியல்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று மிக அகலமானது, மற்றது மிகக் குறுகியது. இரண்டும் வெவ்வேறு வேலைக்கு வகுக்கப்பட்டவை. இரண்டையும் கலந்து புரிந்துகொள்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

அகலமான பட்டியல், காமன்வெல்த் (அதாவது ஆஸ்திரேலிய ஃபெடரல் அரசின்) பொது அலுவலர் என்பவர்களுடையது. இவர்கள் பேசப்படுகிறவர்கள், அதாவது, நீங்கள் போய்ச் சந்திக்கும் ஆள் இந்தப் பட்டியலில் இருந்தால் உங்கள் பேச்சு சட்டத்தின் பார்வைக்குள் வரக்கூடும். யார் யார் இதில் அடக்கம் என்பதற்குச் சட்டம் புதிதாக இலக்கணம் எழுதாமல் ஃபெடரல் குற்றவியல் சட்டத்தில் ஏற்கெனவே இருந்த வரையறையை எடுத்துக்கொண்டது. லஞ்சம், பதவித் துஷ்பிரயோகம் போன்ற குற்றங்களுக்காக எழுதப்பட்ட வரையறை என்பதால், யாரும் நழுவிவிடாதபடி அதை மிக விரிவாக அமைத்திருக்கிறார்கள். கவர்னர்-ஜெனரல், அமைச்சர்கள், ஃபெடரல் நாடாளுமன்றத்தின் இரு அவை உறுப்பினர்கள், ஃபெடரல் நீதிபதிகள், அரசுப் பணித் துறை ஊழியர்கள், ராணுவத்தினர், ஃபெடரல் காவல்துறையினர், காமன்வெல்த் சட்டத்தால் நிறுவப்பட்ட அமைப்புகளின் பணியாளர்கள் என்று அது நீள்கிறது. எஸ்பிஎஸ் என்ற அரசு ஒலிபரப்பு நிறுவனத்தின் வானொலியில் பணியாற்றுகிறவரும், ஆஸ்திரேலிய அஞ்சல் கழகத்தின் ஊழியராக உங்கள் வீட்டுக்குக் கடிதம் கொண்டுவருபவரும் அந்த வரையறைக்குள் வந்துவிடுகிறார்கள். கடிதம் கொண்டுவருபவரிடம் வெளியுறவுக் கொள்கையை மாற்றித் தரும்படி யாரும் கேட்கப் போவதில்லை என்பதால் நடைமுறையில் அதனால் தொல்லை இல்லை. ஆனால் பதவியின் உயரம் ஒரு பொருட்டே அல்ல என்பது அதிலிருந்து தெளிவாகும்.

குறுகிய பட்டியல், சட்டம் குறிப்பிட்டுச் சொல்லும் உயர்பதவிகளை வகிப்பவர்களுடையது. அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், அவர்களுடைய பணியாளர்களில் மூத்த ஆலோசகர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்கள், அரசுத் துறைகளின் தலைவர்களும் துணைத் தலைவர்களும், அவர்களுக்கு இணையான சட்டப்பூர்வப் பதவியில் இருப்பவர்கள், தூதர்கள், ஹைகமிஷனர்கள் ஆகியோர் இதில் வருகிறார்கள். இந்தப் பட்டியல் பேசுகிறவரைப் பற்றியது. இவர்களில் ஒருவர் பதவியை விட்டு இறங்கிய பின் வெளிநாட்டு அரசு ஒன்றுக்காக வேலை செய்தால் அவர்மேல் சாதாரணக் குடிமகனுக்கு இல்லாத கூடுதல் கடமை விழும். உங்கள் புரவலரின் விஷயம் இங்கேதான் வருகிறது; அதைப் பின்னால் தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

மேயரும் மாநில உறுப்பினரும்

உங்கள் மைத்துனர் கனடாவில் கேள்விப்பட்டதைச் சொல்லியிருக்கிறார். அந்த நாட்டுச் சட்டத்தின் அமைப்பு அப்படித்தான். கனடா 2024-ல் இயற்றிய சட்டம் மாகாண, நகராட்சி, பூர்வகுடி அரசு மட்டங்களில் நடக்கும் முடிவெடுப்புகளையும் சேர்த்துக்கொண்டது. ஆஸ்திரேலியச் சட்டம் அப்படி அல்ல. அது கான்பராவின், அதாவது ஃபெடரல் அரசின், அதிகாரத்தோடு நின்றுவிடுகிறது. மேயரும் கவுன்சிலரும் மாநில நாடாளுமன்ற உறுப்பினரும் மாநிலக் கல்வித் துறை அதிகாரியும் அந்தப் பதவியின் காரணமாகக் காமன்வெல்த் பொது அலுவலர் ஆவதில்லை. எனவே மேயரிடம் சகோதர நகர உறவைப் பற்றிப் பேசுவதும், மாநில உறுப்பினரிடம் பள்ளிப் பாடத்தைப் பற்றிப் பேசுவதும், அந்த அளவிலேயே நிற்குமானால், இந்தப் பதிவேட்டுக்குள் வராது.

"அந்த அளவிலேயே நிற்குமானால்" என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஃபெடரல் மட்டத்தில் பதிவுபெற்ற அரசியல் கட்சிகளிடமும் ஃபெடரல் தேர்தல் வேட்பாளர்களிடமும் பேசுவதும் சட்டத்தின் கணக்கில் உண்டு. மறைமுகமாகச் செல்வாக்குச் செலுத்துவதும் உண்டு. அந்த மேயர் அடுத்த ஃபெடரல் தேர்தலில் வேட்பாளராக நிற்கிறார் என்று வையுங்கள். அல்லது மாநில உறுப்பினரைச் சந்திப்பதன் நோக்கமே, அவர் மூலம் கட்சியின் ஃபெடரல் கொள்கையில் விசா பற்றி ஒரு வரி சேர்க்கவைப்பது என்று வையுங்கள். அப்போது நாற்காலி மாநிலத்துடையதானாலும் பேச்சு கான்பராவுக்குப் போய்ச் சேருகிறது.

சகோதர நகர விஷயத்தில் வேறொரு சட்டமும் இருக்கிறது. மாநிலங்களும் உள்ளாட்சிகளும் அரசுப் பல்கலைக்கழகங்களும் வெளிநாட்டு அரசு அமைப்புகளோடு செய்துகொள்ளும் உடன்பாடுகளை வெளியுறவு அமைச்சருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2020-ல் ஒரு சட்டம் வந்தது. விக்டோரியா மாநிலம் சீனாவோடு செய்திருந்த பெல்ட் அண்ட் ரோடு (சீனாவின் உள்கட்டமைப்புத் திட்டம்) உடன்பாடுகளை 2021 ஏப்ரலில் வெளியுறவு அமைச்சர் ரத்து செய்தது அதன்கீழ்தான். தெரிவிக்க வேண்டிய கடமை நகராட்சியுடையது, சங்கத்துடையது அல்ல. ஆனாலும் மேயரைச் சந்திக்கும்போது, இந்தக் கோரிக்கை இன்ன மாநில அரசுத் துறையிடமிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் அதை எப்படியும் கேட்க வேண்டியிருக்கும்.

ஃபெடரல் உறுப்பினரின் அலுவலகமும் உள்துறை நண்பர்களும்

உங்கள் குழு உறுப்பினர் பெரிதாகத் தவறுவது இங்கேதான். ஃபெடரல் உறுப்பினரிடம் மட்டுமல்ல, நாடாளுமன்ற உறுப்பினர்களின் பணியாளர்களுக்கான சட்டத்தின்கீழ் அமர்த்தப்பட்ட யாரிடம் பேசினாலும் அது நாடாளுமன்ற லாபியிங்காக, அதாவது முடிவை மாற்றும் நோக்கத்தோடு பேசுவதாக, கொள்ளப்படும். தொகுதி அலுவலகத்தில் தொலைபேசியை எடுக்கிற இளைஞரும் இதில் அடக்கம். அந்த லாபியிங் வெளிநாட்டு அரசின் சார்பில் நடந்தால் விதி இன்னும் இறுக்கமாகிறது.

உள்துறையில் இருக்கும் தெரிந்தவரிடம் மதிய உணவு வேளையில் பேசுவது லாபியிங் ஆகாது என்று உங்கள் கடிதத்தில் ஓர் அனுமானம் இருக்கிறது. சட்டம் எந்த வகையில் தொடர்புகொண்டாலும் அதை எண்ணிக்கொள்கிறது. ஒரு முடிவையோ அதன் போக்கையோ மாற்றும் நோக்கம் இருந்தால் போதும். முடிவு இறுதியானதாகவோ முறைப்படியானதாகவோ இருக்க வேண்டும் என்றும் இல்லை. விசா விதிகளைத் தளர்த்துங்கள் என்பது ஃபெடரல் அரசின் முடிவைப் பற்றிய கோரிக்கை என்பதில் வாதத்துக்கு இடமே இல்லை.

அதே சமயம் நோக்கம் என்ற அளவுகோல் உங்களுக்குப் பாதுகாப்பாகவும் இருக்கிறது. உள்துறை நண்பரை விழாவுக்கு அழைப்பதோ, விண்ணப்பப் படிவத்தை எங்கே பெறுவது என்று கேட்பதோ செல்வாக்குச் செலுத்துவது ஆகாது. கலைஞர் ஒருவரின் விசாவுக்காக, அவர் வேண்டிக்கொண்டதன்பேரில், சங்கம் ஆதரவுக் கடிதம் கொடுப்பதும் வேறு விஷயம். சாதாரணக் கலைஞர் வெளிநாட்டு அரசு அல்ல.

யாருக்காகப் பேசுகிறீர்கள்?

அலுவலர் யார் என்ற கேள்விக்கு இவ்வளவு எழுதினாலும், உங்கள் வழக்கில் எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போவது இதுதான். கேட்டுக்கொண்டது மாநில அரசுதானே, நாட்டின் அரசு இல்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டின் ஒரு பகுதியை ஆளும் அரசும், அந்நாட்டு உள்ளாட்சி அமைப்பும்கூட இந்தச் சட்டத்தில் வெளிநாட்டு அரசே. வெளிநாட்டு அரசியல் கட்சிகள் தனி வகையாக இடம்பெறுகின்றன. தாயகக் கட்சிகளின் கிளைகளாக இயங்கும் புலம்பெயர் அமைப்புகள் அதைக் கவனத்தில் வைப்பது நல்லது.

ஒருவர் சார்பில் செயல்படுவது என்பதற்குச் சட்டம் நான்கு வழிகளைச் சொல்கிறது. அவரோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, அவருடைய சேவையில், அவருடைய உத்தரவின் அல்லது வேண்டுகோளின்பேரில், அவருடைய வழிநடத்தலில் என்பன அவை. அதோடு, நீங்கள் அதைச் செய்வீர்கள் அல்லது செய்யக்கூடும் என்று இரு தரப்பும் அறிந்தோ எதிர்பார்த்தோ இருக்க வேண்டும். பணம் கைமாறியதா என்பது பொருட்டல்ல. ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் விஷயத்தில் எழுத்திலேயே இருக்கிறது. அவர்கள் வேண்டினார்கள், உங்கள் தலைவர் மகிழ்ச்சியுடன் செய்கிறோம் என்றார். இதைவிடத் தெளிவான வேண்டுகோளும் சம்மதமும் வேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கலைஞர் விசா பற்றி உங்கள் சங்கம் முன்பிருந்தே தன் விருப்பத்தில் குரல்கொடுத்து வந்திருந்தால், அந்தக் குரல் சங்கத்துடையதுதான். வெளிநாட்டு அரசும் அதே கருத்தைக் கொண்டிருப்பதால் நீங்கள் அதன் சார்பில் பேசுகிறவர் ஆகிவிட மாட்டீர்கள். விழாவுக்கு அது உதவித்தொகை தருவதும் அந்த நான்கு வழிகளில் ஒன்று அல்ல. தொகையோடு சேர்ந்து வருகிற நிபந்தனைதான் பார்க்கப்படும். நம்மில் பலர் இந்த நாட்டின் குடிமக்கள். நம் உறுப்பினரிடம் நம் கவலையைச் சொல்ல எந்தப் பதிவேடும் தேவையில்லை. இந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்ட சில சங்கங்கள் அஞ்சி அரசியல்வாதிகளை விழாவுக்கு அழைப்பதையே நிறுத்திவிட்டன. அது வேண்டாத அச்சம் என்பது என் கருத்து.

நீங்கள் பொது அலுவலரா?

ஆம். நிரந்தரப் பணியாளர் இல்லை, சம்பளம் தருவது தனியார் நிறுவனம், எனவே நான் அரசு ஊழியர் அல்ல என்ற உங்கள் வாதம் தொழிலாளர் சட்டத்தில் செல்லலாம், இங்கே செல்லாது. குற்றவியல் சட்டத்தின் வரையறை, காமன்வெல்த் ஒப்பந்தம் ஒன்றின்கீழ் சேவை வழங்குகிறவரையும், அந்தச் சேவைக்காக உழைக்கும் அவருடைய ஊழியரையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்கிறது. துணை ஒப்பந்தக்காரர்களும் அதில் வருவார்கள். நீங்கள் ஃபெடரல் துறைக்காகக் கணினி வேலை செய்யும் வரை, அந்தத் துறையின் செயலரைப் போலவே நீங்களும் காமன்வெல்த் பொது அலுவலர்.

இதனால் உங்களுக்கு என்ன ஆகும் என்பதில் பதற்றம் வேண்டாம். பொது அலுவலராக இருப்பதால் மட்டும் பதிவுக் கடமை எதுவும் உங்கள்மேல் வராது. நீங்கள் அந்தக் குறுகிய பட்டியலில் இல்லை. வருவது வேறு மூன்று. அந்தப் பண்பாட்டுத் துறைக்காக உங்கள் சங்கத்தார் யாராவது உங்களிடமே, உங்கள் துறையில் நடக்கும் ஒரு முடிவைப் பற்றிப் பேசினால், அவர்கள் ஒரு பொது அலுவலரிடம் லாபியிங் செய்கிறார்கள். வேலையில் தெரிந்துகொண்ட தகவலைச் சங்கக் கூட்டத்தில் சொன்னால், அரசுத் தகவலை அனுமதியின்றி வெளியிடும் குற்றமும், பதவித் துஷ்பிரயோகக் குற்றமும் நிரந்தர ஊழியருக்குப் பொருந்துவது போலவே உங்களுக்கும் பொருந்தும். மூன்றாவதாக, உங்கள் ஒப்பந்தத்தில் நலமுரண் (வேலையின் கடமையும் வெளிப் பொறுப்பும் மோதுவது) பற்றிய பிரிவு பெரும்பாலும் இருக்கும். வெளிநாட்டு அரசுத் துறையோடு இணைந்து செயல்படும் சங்கத்தில் நீங்கள் பொறுப்பாளர் என்பதை உங்கள் நிறுவனத்துக்கும், நீங்கள் பணிசெய்யும் துறையின் மேலாளருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பாதுகாப்பு அனுமதி பெற்றிருந்தால், வெளிநாட்டு அரசு அலுவலர்களோடு ஏற்படும் தொடர்பைத் தெரிவிக்கும் கடமையும் சேர்ந்துகொள்ளும்.

செயலாளர் பொறுப்பிலிருந்து விலகும்படி நான் சொல்ல மாட்டேன். நீங்கள் விலகினாலும் தலைவர் அனுப்பிய மின்னஞ்சல் அப்படியேதான் இருக்கும். சட்டத்தைப் படித்துப்பார்க்கும் ஒரே ஆளை மட்டும் சங்கம் இழக்கும். ஃபெடரல் துறைகளைப் பற்றிய விவாதம் வரும்போது ஒதுங்கியிருங்கள், அதைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யுங்கள். நீங்கள் வேலை செய்யும் துறையில் யாரையும் இந்த விஷயமாக அணுகாதீர்கள்.

புரவலரின் தொலைபேசி அழைப்புகள்

இந்த விவகாரத்தில் எனக்கு மிகக் கவலை தருவது, நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன இந்தச் செய்தி. தூதராக இருந்தவர் அந்தக் குறுகிய பட்டியலைச் சேர்ந்தவர். பதவியை விட்ட பின் 15 ஆண்டுகள் வரை, அந்தப் பதவியில் பெற்ற அனுபவத்தையோ அறிவையோ திறனையோ தொடர்புகளையோ பயன்படுத்தி வெளிநாட்டு அரசு ஒன்றின் சார்பில் எதைச் செய்தாலும் அவருக்குப் பதிவுக் கடமை வருகிறது. அது லாபியிங்காக இருக்க வேண்டும் என்றில்லை. அரசியல் நோக்கம் இருக்க வேண்டும் என்றும் இல்லை. நீங்களும் நானும் மேயரிடம் பேசினால் பதிவேட்டுக்கு வெளியே நிற்போம்; அவர் தம் தூதர் காலத் தொடர்பை வைத்து அதே மேயரிடம் அதே வேண்டுகோளுக்காகப் பேசினால் உள்ளே வந்துவிடலாம். எந்த ஆண்டு ஓய்வுபெற்றார் என்று கடிதத்தில் இல்லை. அதைக் கேளுங்கள், தமக்கென்று தனி வழக்கறிஞரைக் கலந்து பேசும்வரை அழைப்புகளை நிறுத்திவைக்கும்படி சொல்லுங்கள்.

கேபினட் அமைச்சர்களாக இருந்தவர்களுக்கு இன்னும் கடுமை. அவர்களுக்கு ஆண்டு வரம்பே இல்லை, ஆயுள் முழுவதும் கடமை தொடர்கிறது; எந்தச் செயலாக இருந்தாலும் பொருந்தும். முன்னாள் பிரதமர் டோனி அபாட், பிரிட்டனின் வர்த்தக வாரியத்துக்கு ஆலோசகரானபோது பதிவு செய்தார். மற்றொரு முன்னாள் பிரதமர் கெவின் ரட், 2021-ல் பதிவு செய்தபோது, பிபிசி போன்ற அரசு சார்ந்த ஒலிபரப்பு நிறுவனங்களுக்குக் கொடுத்த பேட்டிகளைக்கூடப் பட்டியலிட்டு, விதி இவ்வளவு அகலமாக இருக்கலாமா என்று வெளிப்படையாகவே கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. சட்டம் நினைத்த பலனைத் தரவில்லை என்று 2024-ல் நாடாளுமன்றக் கூட்டுக்குழுவும் குறைகூறியது. ஆனால் குறையுள்ள சட்டமும் திருத்தப்படும் வரை சட்டமே. உங்கள் செயற்குழு உறுப்பினர்கள் யாராவது அதை ஒரு சமாதானமாகச் சொன்னால் ஏற்காதீர்கள்.

விலக்கு உண்டா?

சில விலக்குகள் உள்ளன: தூதரகப் பணி, சட்ட ஆலோசனை, மனிதாபிமான உதவி, சமயம், கலை நோக்கங்கள், அறக்கட்டளைகள் என்று. உங்களுக்குப் பொருந்தக்கூடியது அறக்கட்டளை விலக்கு. சங்கம் மாநிலச் சட்டப்படி பதிவுபெற்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அது வேறு, ஆஸ்திரேலிய அறக்கட்டளைகள் மற்றும் இலாபநோக்கற்ற அமைப்புகள் ஆணையத்தில் அறக்கட்டளையாகப் பதிவுபெற்றிருப்பது வேறு. இரண்டாவது இருந்தால்தான் விலக்கைக் கேட்க முடியும். அதிலும், செயல் அறநோக்கத்தைச் சார்ந்ததாக இருக்க வேண்டும், பணமோ பொருளோ வழங்குவதாக இருக்கக் கூடாது, வெளிநாட்டு அரசின் சார்பில் செய்கிறோம் என்பதும் அது எந்த அரசு என்பதும் எதிரில் இருப்பவருக்கு வெளிப்படையாகத் தெரிய வேண்டும். மூடிமறைத்துக்கொண்டு விலக்கைக் கேட்க இயலாது. கலை விலக்கு விழாவுக்கு உதவலாம். விசா விதியை மாற்றும்படி கேட்பதற்கு அதை இழுத்துப் பொருத்த முயல வேண்டாம்.

தண்டனையும் உடனே செய்ய வேண்டியதும்

பதிவு செய்ய வேண்டும் என்று தெரிந்தே செய்யாமல் செயல்பட்டால் 5 ஆண்டுகள் வரை சிறை. அலட்சியத்தால் நேர்ந்தால் தண்டனை குறையும். பொய்யான தகவல் தருவதும், ஆவணங்களை அழிப்பதும் தனித்தனிக் குற்றங்கள். ஆகவே அந்த மின்னஞ்சல்களை நீக்கிவிடலாமா என்று தலைவர் கேட்டதற்கு என் பதில்: ஒன்றைக்கூடத் தொடாதீர்கள்.

வெளிநாட்டுத் தலையீடு என்ற குற்றத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். மறைத்தோ ஏமாற்றியோ மிரட்டியோ வெளிநாட்டு அரசுக்காகச் செயல்படுவது அது. அதற்கு 20 ஆண்டுகள் வரை சிறை உண்டு. மாநில அரசின் முடிவெடுப்பும் அதன் வரம்புக்குள் வருகிறது. அந்தச் சட்டத்தின்கீழ் முதல் தண்டனை பெற்றவர் மெல்பர்னைச் சேர்ந்த சமூகப் பிரமுகர் ஒருவர். மருத்துவமனைக்கு நன்கொடை தந்து, அதன் வழியே ஒரு ஃபெடரல் அமைச்சரின் நெருக்கத்தைப் பெற முயன்றார் என்பது வழக்கு. 2023 டிசம்பரில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. வெளிப்படையாக நடந்துகொள்ளும் உங்கள் சங்கத்துக்கும் அதற்கும் தூரம் அதிகம். அந்தத் தூரம் நீங்கள் எதையும் மறைக்காத வரைக்கும்தான்.

நாள் கணக்கில் உங்கள் குழு தவறாக நினைக்கிறது. முதல் சந்திப்பு நடந்த பிறகு பதிவைப் பற்றி யோசிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். ஆனால் பதிவுக்குரிய ஒரு செயலைச் செய்வதாக ஏற்பாடு செய்துகொண்டாலே கடமை தொடங்கிவிடும். அன்றிலிருந்து 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தலைவர் பதில் அனுப்பிய நாளை வைத்து உங்களுக்கு எந்தத் தேதி வருகிறது என்பதைத் தனி மின்னஞ்சலில் எழுதியிருக்கிறேன். அதற்குள் செயற்குழுவைக் கூட்டி, நான்கு வேண்டுகோள்களில் எவற்றைச் சங்கம் அந்தத் துறைக்காகச் செய்யப் போகிறது, எவற்றைத் தன் சொந்த நிலைப்பாடாக எடுக்கிறது, எவற்றைக் கைவிடுகிறது என்று தீர்மானம் எழுதி, அதை அந்தத் துறைக்கும் தெரிவியுங்கள். இது இனிமேல் நடப்பதற்குத்தான். ஏற்கெனவே கொடுத்த சம்மதத்தைப் பின்தேதியிட்ட கடிதத்தால் மாற்ற முயலக் கூடாது.

விசா கோரிக்கையை அவர்களுக்காகவே செய்வது என்று குழு முடிவெடுத்து, அறக்கட்டளை விலக்கும் பொருந்தாது என்றால், சங்கத்தின் பெயரில் பதிவு செய்யுங்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஃபெடரல் தேர்தல் அறிவிக்கப்பட்டால் விவரங்களைச் சரிபார்த்து உறுதிசெய்ய வேண்டும். ஆவணங்களைப் பதிவு நடப்பிலிருக்கும் காலத்திலும் அது முடிந்து 3 ஆண்டுகள் வரையிலும் வைத்திருக்க வேண்டும். ஃபெடரல் உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தின் முதல் பத்தியிலேயே, இது இன்ன மாநில அரசின் பண்பாட்டுத் துறையின் வேண்டுகோளின்பேரில் எழுதப்படுகிறது என்று குறிப்பிடுங்கள். மேயருடனான சந்திப்பை நீங்கள் திட்டமிட்டபடியே நடத்தலாம். புரவலரை மட்டும் இப்போதைக்கு அழைத்துச் செல்ல வேண்டாம்.